முகம் மறைத்த குழலோர்: ஓவியம் கூறும் சான்று

மனித உருவத்தை வரையத் தொடங்கும் சிறுவன் முதற்கண் ஒரு வட்டம் இடுகிறான். அதனுள் இரண்டு கண்களும் ஒரு வாயும் அமைத்த பின்னரே கைகால்களைப் பற்றி எண்ணுகிறான். அவனுக்கு முகமே மனிதன். அம்முகத்தை முற்றிலும் மறைத்துவிட்டால் ஓவியன் எதைக் கொண்டு மனிதனைக் காட்டுவான்? ஜப்பானிய ஓவியர்கள் இவ்வினாவை எதிர்கொண்டு, மையும் தூரிகையும் கொண்டே விடை கண்டனர். அவர்கள் கண்ட விடை ஓவியக் கலைக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் துணை செய்வதாயிற்று.

ஜப்பான் நாட்டில் 'கொமுசோ' எனப்படும் துறவியர் இருந்தனர். 'வெறுமையின் துறவியர்' என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் ஜென் பௌத்தத்தின் கிளையாகிய ஃபுகே பிரிவினர். தலை முழுவதையும் மூடும் கூடை போன்ற தொப்பி அணிந்து, ஷாக்குஹாச்சி என்னும் மூங்கிற் குழலை ஊதிக்கொண்டு, வீடுதோறும் சென்று பிச்சை ஏற்றனர். அக்குழலின் வழக்கமான நீளம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். முன்புறம் நான்கு துளைகளும் பின்புறம் ஒரு துளையும் அதற்கு உண்டு. குழல் ஊதுவதை அவர்கள் கேளிக்கையாகக் கொள்ளவில்லை. மூச்சையே தியானமாக்கும் நெறியாகப் போற்றினர். தொப்பியின் முன்புறத்தில் பின்னலைச் சிறிது நெகிழ்த்திப் பார்வைக்கு இடம் விட்டிருந்தனர். அதன் வழியே அவர் உலகைக் காணலாம். உலகம் அவரைக் காண இயலாது.

இவ்வாறு முகம் மறைத்தோர் யாவர்? அவருள் பலர் முன்னாள் போர்வீரர். 1600-இல் செக்கிகஹாராப் போர் நிகழ்ந்தது. 1615-இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தது. தோற்ற தலைவர்களை நம்பியிருந்த மறவர் பலர் ஊதியமும் உறைவிடமும் இழந்து அலைந்தனர். வாளையன்றி வேறு தொழில் அறியாத அவர்கட்குக் கூடைத் தொப்பி ஒரு புகலிடம் ஆயிற்று. நேற்று வரை வீரனாக நிமிர்ந்து நடந்தவன் இன்று பிச்சைக்கு நிற்கும்போது, அவன் நாணத்தையும் அத்தொப்பி மறைத்தது எனலாம்.

இப்பிரிவினர் தமக்கெனச் சில உரிமைகள் உண்டு என்றனர். எங்கும் தடையின்றிச் செல்லலாம். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற வேண்டுவதில்லை. மறவர்க்குத் தம் மடங்கள் அடைக்கலம் தரலாம் என்பன அவை. இவற்றுக்குச் சான்றாக 1614-ஆம் ஆண்டில் தொக்குகாவா இயேயாசு வழங்கியதாகக் கூறப்பட்ட ஆணை ஒன்றைக் காட்டினர். ஆயின் அதன் மூலப்படி கிடைக்கவில்லை. அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்பதே ஆராய்ச்சியாளர் துணிபு. எழுத்துச் சான்று பொய்த்தவிடத்து உண்மையை எங்கே தேடுவது? இங்கேதான் எளிய ஓவியங்கள் துணைக்கு வருகின்றன.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், பல தொழில் செய்வோரைப் பாட்டோடும் படத்தோடும் காட்டும் தொகுப்பு ஒன்று தோன்றிற்று. முப்பத்திரண்டு வகைத் தொழிலினரைக் கூறும் அத்தொகுப்பில் 'கொமொசோ' என்னும் குழலூதியும் இடம்பெற்றுள்ளார். 'பாய்த் துறவி' என்பது அப்பெயரின் பொருள். படுக்கப் பாயொன்றைச் சுமந்து திரிந்த ஏழைப் பரதேசி அவர். அப்படத்தில் அவர் முகம் மறைக்கப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் படங்களில் பின்னல் தொப்பி தோன்றுகிறது. ஆயின் அது முகம் முழுவதையும் விழுங்கும் அளவு ஆழமானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டைக் கடந்து வருந்தோறும் தொப்பி ஆழமாகிறது. இறுதியில் மோவாய்க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தொன்றுதொட்டு வந்ததாகச் சொல்லப்பட்ட கோலம் படிப்படியாக வளர்ந்த ஒன்றென்பதை இப்படங்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஆணையைப் புனைந்தவர்க்கு ஒரு நோக்கம் இருந்தது. தெருவிற் கண்டதை வரைந்தவர்க்கு அத்தகைய நோக்கம் இல்லை. ஆதலின் அவர்தம் சான்று வலிமை பெறுகிறது.

இனி, அவ்வோவியர் கையாண்ட பொருள்கள் யாவை எனக் காண்போம். விளக்குப் புகைக்கரியையோ பைன் மரப் புகைக்கரியையோ விலங்குப் பசையுடன் பிசைந்து கட்டியாக்குவர். அம்மைக்கட்டியைக் கல்லின்மேல் நீர்விட்டு உரைத்தால் எழுதும் மை கிடைக்கும். காகித முசுக்கட்டையின் பட்டையிலிருந்து தாள் செய்வர். விலங்கு மயிரால் ஆன தூரிகை ஒன்று. இவ்வளவே. நீரைக் கூட்டினால் சாம்பல் நிறம், குறைத்தால் கருமை. தூரிகையை அழுத்தினால் தடித்த கோடு. நுனியால் தொட்டால் மயிரிழைக் கோடு.

இக்கருவிகளைக் கொண்டு கொமுசோவை வரைவது எளிதாகத் தோன்றும். தலைக்குக் கவிழ்த்த கூடை; அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள்; கீழே அங்கியின் மடிப்புகள். ஆயின் இத்துடன் நிறுத்தினால் அது கூடை கவிழ்த்த கம்பமேயன்றி மனிதன் ஆகாது. உயிர் வேறு இடங்களில் இருக்கிறது. தொப்பியின் விளிம்பிலிருந்து சரிந்திறங்கும் குழலின் சாய்வில், மறைந்திருக்கும் வாய் எங்குள்ளது என்பது தெரியும். துளைகளின்மேல் அமர்ந்த விரல்களில் பயிற்சி தெரியும். தோளின் தளர்விலும் பாதத்தின் அடியிலும் நெடுவழி நடந்த களைப்பு தெரியும். முகம் பேசாதவிடத்து உடல் முழுதும் பேசவேண்டியதாயிற்று.

1812-இல் ஹொக்குசாய் என்னும் பேரோவியர், விரைவில் வரையக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். எவ்வுருவத்தையும் வட்டமாகவும் நேர்கோடாகவும் பகுத்து, கவராயமும் அளவுகோலும் கொண்டு கட்டலாம் என்பது அந்நூல் காட்டும் வழி. கூடையும் குழலுமாக நிற்கும் கொமுசோவின் புற வடிவுக்கு இம்முறை நன்கு பொருந்தும். விரலுக்கும் தோளுக்கும் வேண்டிய உயிர்ப்பையோ, கவராயம் தாராது. கண்ணும் பொறுமையுமே தரும்.

முகமூடி உள்ள இடத்தில் மாறுவேடமும் வந்து சேரும். 1748-இல் அரங்கேறிய 'சூஷிங்குரா' என்னும் பொம்மை நாடகத்தின் ஒன்பதாம் அங்கத்தில், கொனாமி என்னும் பெண்ணை அவள் சிற்றன்னையே வெட்டத் துணிகிறாள். வாள் ஓங்கிய வேளையில் வாசலில் குழலோசை எழுகிறது. ஓங்கிய கை தயங்குகிறது. ஊதியவர் துறவியல்லர், கூடைக்குள் மறைந்து வந்த அப்பெண்ணின் தந்தை ஹொன்சோ. இக்காட்சியை அச்சு ஓவியர் பலர் வரைந்தனர். 1770-இல் மறைந்த ஹருநொபுவோ இளங்காதலர் இருவருக்குக் கொமுசோ உடை அணிவித்து அழகுப் படமாக்கினார். துறவியின் கோலம் நாகரிக உடையாகிவிட்டமைக்கு இது சான்று. எனவே படமும் எப்போதும் நேர்ச்சான்று ஆகிவிடாது. தெருவிற் கண்டது எது, அரங்கிற் கண்டது எது எனப் பகுத்தறிந்தே கொள்ளல் வேண்டும்.

அச்சு ஓவியத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்த கோட்டுப் படத்தைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு ஏனையவற்றைச் செதுக்கி எடுப்பர். அப்போது மூல வரைவு அழிந்துபோகும். தன்னை மறைத்துக்கொண்டு இசையை மட்டும் வழங்கிய துறவியைப்போல, மூலக்கோடும் தான் மறைந்து படிகளைத் தந்து சென்றது.

1871-இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவை ஒழித்தது. சமயச் சலுகைகளும் அத்தோடு நீங்கின. ஆயினும் குழலிசை மறையவில்லை. 1710 முதல் 1771 வரை வாழ்ந்த குரொசாவா கின்கோ என்னும் துறவி, மடந்தோறும் வழங்கிய இசை உருப்படிகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தியிருந்தார். அவர் பெயரால் அமைந்த மரபு இன்றும் வாழ்கிறது. இசையைக் காத்தது ஆசிரியர் மாணவர் தொடர்பு. உருவத்தைக் காத்தது மைக்கோடு.

ஓவிய வகுப்பில் வண்ணப்பெட்டி இல்லையே என்று வருந்தும் பள்ளிகட்கு இவ்வரலாறு ஓர் ஆறுதல். ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். முகம் தெரியாத ஒருவரை வரையச் சொன்னால், மாணவன் முதன்முறையாக அவருடைய கையை உற்றுநோக்குவான். அவ்வாறு நோக்கப் பழகிய கண், பிற்காலத்தில் ஏட்டிலுள்ளதையும் எளிதில் நம்பிவிடாது.