கிற்றார்காரரின் காலடியில் ஒரு பெட்டி

மின் கிற்றார் வாசிப்பவர்களின் காலடியில் இன்று ஒரு சிறிய பெட்டி கிடப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பாடப்புத்தகம் ஒன்றைவிடச் சற்றே பெரிதான அப்பெட்டியில் மூன்று நான்கு மிதிவிசைகளும், சிறிய திரை ஒன்றும், சில திருகு குமிழ்களும் இருக்கும். ஒரு மிதியில் கிற்றார் உறுமும். மறு மிதியில் பெரிய தேவாலயத்தினுள் ஒலிப்பதுபோல் எதிரொலிக்கும். இதற்கு 'மல்ரி எஃபெக்ற்ஸ் புரொசெசர்' என்று பெயர். தமிழில் 'பல்விளைவு ஒலிச் செயலி' எனலாம். ஆயினும் கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.

நான் இசைக் கலைஞன் அல்லன். பத்திரிகைப் பணியின் நிமித்தம் கலைப் பக்கங்களுக்காக இசைக்குழுக்களின் ஒத்திகைகளில் பல மாலைப்பொழுதுகளைக் கழித்தவன். பழைய சஞ்சிகைகளைத் தேடிப் படிப்பதில் விருப்பமுள்ளவன். அதனை அறிந்த உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் 'இவற்றுள் எதை வாங்கலாம்?' என்று கேட்பதுண்டு. விலைப்பட்டியலை வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. அதனை அறிந்தால் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பவை பெருமளவுக்குத் தாமே தெளிவாகும் என்பது என் கருத்து.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோர்ஜ் போஷாம்ப் என்பவரும் அடொல்ஃப் ரிக்கன்பேக்கரும் காந்தச் சுருளைக் கொண்டு கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அவர்களின் நோக்கம் எளியது. பித்தளை வாத்தியங்கள் முழங்கும் குழுக்களில் கிற்றாரின் ஓசை எவர் காதிலும் விழவில்லை. அதை உரத்து ஒலிக்கச் செய்யவேண்டியிருந்தது. ஆனால் ஒலி ஒருமுறை மின்சாரமாகிவிட்டால், கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடைப்பட்ட வழியில் அதனை மறித்து வேறுருவாக்கலாம். இவ்வுண்மையை உலகம் உணரச் சில காலம் எடுத்தது. நமது பெட்டியின் வரலாறு அந்த இடைவழியின் வரலாறே.

முதலில் வந்தவற்றுள் எதிரொலி முக்கியமானது. லெஸ் போல், மேரி ஃபோர்ட் தம்பதியர் 1951இல் வெளியிட்ட 'ஹவ் ஹை த மூன்' இசைத்தட்டு, ஒலிநாடாவைக் கொண்டு குரலையும் கிற்றாரையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்து உருவானது. நாடாவில் பதிந்ததைச் சிறிது பிந்தி மீண்டும் வாசித்தால் எதிரொலி கிடைக்கும் என்ற உத்தி விரைவில் மேடைக்கும் வந்தது. 1958இல் இங்கிலாந்தில் சார்ளி வொட்கின்ஸ் 'கொப்பிகற்' என்ற நாடா எதிரொலிப் பெட்டியை விற்பனைக்கு விட்டார். அதையொட்டி அமெரிக்காவில் 'எக்கோபிளெக்ஸ்' வந்தது. இவையெல்லாம் நாடா தேய்ந்தால் மாற்றவேண்டிய பாரமான பெட்டிகள்.

இரண்டாவது, உறுமல். இதன் கதை சுவையானது. ஏனெனில் இது பழுதிலிருந்து பிறந்தது. லிங்க் றே என்ற கலைஞர் 1958இல் வெளிவந்த 'ரம்பிள்' என்ற வாத்திய இசைக்காகத் தமது ஒலிபெருக்கியின் கூம்பில் துளைகளிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1960இல் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மார்ட்டி ரொபின்ஸின் 'டோன்ட் வொறி' பாடல் பதிவானபோது, கிறேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிற்றார், கலவை மேசையின் பழுதடைந்த ஒரு தடத்தின் ஊடாகச் சென்று கரகரத்து ஒலித்தது. பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அதனை அழித்துவிட்டு மீளப் பதிவு செய்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 1961இல் பாடல் பெருவெற்றி பெற்றது. அதே கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை அவர் பின்னர் இன்னொருவருடன் சேர்ந்து அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன்' என்ற பெயரில் மிதிவிசையாக வெளியிட்டது.

அது உடனே விலைபோய்விடவில்லை. 1965இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் 'சற்றிஸ்ஃபக்ஷன்' பாடலில் கீத் றிச்சர்ட்ஸ் அதனைப் பயன்படுத்திய பின்னரே கடைகளில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த வரிசையைப் பின்னர் ஊதுவாத்தியங்களால் நிரப்பவேண்டும் என்றே றிச்சர்ட்ஸ் எண்ணியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தற்காலிகமாக வைத்த ஒலியே நிலைத்துவிட்டது.

'வா-வா' என்று குழந்தை அழுவதுபோல் ஒலிக்கும் மிதியின் கதையும் இத்தகையதே. 1966இல் தோமஸ் ஓர்கன் நிறுவனத்தில் பிறட் பிளங்கெற் என்ற பொறியியலாளர், ஒலிபெருக்கியொன்றின் விலைகூடிய தெரிவிசைக்குப் பதிலாகத் திருகு குமிழ் ஒன்றை அமைக்க முயன்றபோது இவ்வோசை கிடைத்தது. அந்தச் சுற்றை ஓர்கன் வாத்தியத்தின் மிதியினுள் வைத்தனர். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பாதத்தில் அது பேசத் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவியது.

1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் உருவான ஒரு மின்சுற்று, நாடாவின் தேவையைக் குறைத்தது. தீயணைக்க வரிசையில் நின்று வாளிகளைக் கைமாற்றுவது போன்று சமிக்ஞையைப் படிப்படியாகக் கடத்தித் தாமதப்படுத்துவதால் அதற்கு 'வாளி வரிசை' என்றே பெயர் வந்தது. ஒலியைச் சிறிதே தாமதித்து மூல ஒலியுடன் கலந்தால், பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற 'கோரஸ்' கிடைக்கும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தினர் 'பொஸ்' என்ற பெயரில் 1976இல் வெளியிட்ட 'சீஈ-1' அவ்வகையினது. அடுத்த ஆண்டே உள்ளங்கையில் அடங்கும் அவர்களது மிதிவிசைகள் வரத் தொடங்கின.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். 1960களின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரால் தமிழ்ப் பொப்பிசை செழித்தது. ஆனால் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தமையால் வெளிநாட்டு இலத்திரனியல் கருவிகள் இங்குள்ள குழுக்களுக்கு எளிதில் எட்டவில்லை. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஆனால் அந்தத் திறப்பு நாடு முழுவதற்கும் நீடிக்கவில்லை. 1990இல் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு ஒன்பது வோல்ற் பற்றரியில் இயங்கும் மிதிவிசை எம்மாத்திரம்? இன்று நான்கு பென்ரோச் பற்றரிகளை இட்டு வாசிக்கும் ஒரு பெட்டியை யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரின் கையில் காணும்போது, அந்தப் பற்றரிகளைத்தான் நான் முதலில் பார்க்கின்றேன்.

இது இவ்வாறிருக்க, தனித்தனி மிதிவிசைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஆறு விளைவுகள் வேண்டுமாயின் ஆறு பெட்டிகள், ஆறு மின்னூட்டங்கள், அவற்றை இணைக்கும் வயர்கள். எங்கேனும் ஒரு வயர் பழுதானால் எல்லாமே மௌனம். அத்துடன் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு மாறும்போது குனிந்து குமிழ்களைத் திருகவேண்டும். ஒலியை எண்களாக மாற்றிக் கணிக்கும் தொழினுட்பம் மலிவடைந்தபோது இதற்குத் தீர்வு கிட்டியது. பொஸ் 1988இல் வெளியிட்ட 'எம்ஈ-5' பல விளைவுகளை ஒரே தளப் பெட்டியில் ஒன்றுசேர்த்தது. ஜப்பானின் ஸூம் நிறுவனம் 1990இல் கொண்டுவந்த '9002', கிற்றாரின் தோள்பட்டியிலேயே மாட்டக்கூடிய அளவுக்குச் சிறுத்திருந்தது. இவற்றின் உண்மையான புதுமை நினைவாற்றலே எனலாம். குமிழ்களின் நிலை முழுவதையும் ஓர் எண்ணில் சேமித்து, ஒரே மிதியில் மீட்டெடுக்கலாம்.

அடுத்த பாய்ச்சல், விளைவுகளை மட்டுமன்றி ஒலிபெருக்கியையே கணித முறையில் பாவனை செய்தது. ரோலண்டின் 'வீஜி-8' 1995இல் வந்தது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1998இல் அவரைவிதை வடிவில், சிவப்பு நிறத்தில் 'பொட்' என்ற பெட்டியை வெளியிட்டது. வெற்றிடக் குழாய்கள் கொண்ட பாரமான ஒலிபெருக்கிகளின் குணத்தை மேசைமீது வைத்துப் பதிவு செய்யும் வசதி அதனால் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. 2016இல் வெளிவந்த பொஸ் 'ஜிரி-1' நூற்றுக்கு மேற்பட்ட விளைவுகளைச் சுமார் 1.3 கிலோகிராம் பாரத்தில் அடக்கியது. ஒருகாலத்தில் பெருநகர ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த செல்வம், மாதச் சம்பளக்காரரின் பிள்ளைக்கும் கிட்டியது. இதனை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

இனித் தெரிவுக்கு வருவோம். விளம்பரத்தில் உள்ள விளைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒரு பாட்டுக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் தேவைப்படுவது அரிது. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஒரே வேளையில் எத்தனை விளைவுகள் இயங்கும்? மிதிவிசைகளின் இடைவெளி சப்பாத்துக் காலுக்குப் போதுமானதா? வா-வாவுக்கும் ஒலியளவுக்கும் உதவும் அசையும் மிதி உண்டா? பற்றரியில் இயங்குமா? தலையணி ஒலிவாங்கியும் கணினி இணைப்பும் உண்டா? திரையின் எழுத்து மேடையின் அரை இருளில் தெரியுமா? பழையதை வாங்குவதாயின், ஒவ்வொரு மிதியையும் பல தடவை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் பழுதாவது அதுவே. உங்கள் சொந்தக் கிற்றாரைக் கடைக்குக் கொண்டுசெல்வதும் அவசியம்.

பயன்படுத்தும் முறையையும் வரலாறே கற்றுத்தருகின்றது. உறுமல் முதலிலும் எதிரொலி பின்னரும் வருவதே பொதுவான வரிசை. மலையில் மோதித் திரும்புவது முழுமையான ஒலியே அன்றோ? எதிரொலித்த பின் உறுமச் செய்தால், திரும்பிவரும் ஒவ்வொரு மெல்லிய ஒலியும் உரத்துக் கலங்கிச் சேறாகும். ஆகவே ஒலியைச் சமப்படுத்துவது, வா-வா, உறுமல், கோரஸ் வகை, எதிரொலி, மண்டப முழக்கம் என்று அடுக்கத் தொடங்குங்கள். பின்னர் வேண்டுமானால் மாற்றிப் பாருங்கள். கிற்றார் ஒலிபெருக்கியில் இணைப்பதாயின் பெட்டியிலுள்ள ஒலிபெருக்கிப் பாவனையை அணைத்துவிடுங்கள். மண்டபத்தின் பொது ஒலியமைப்பில் நேரடியாக இணைப்பதாயின் அது இயங்கட்டும். இல்லையேல் ஒலி ஈக்கூட்டம் போலிருக்கும். வீட்டில் மெல்ல வாசித்து அமைத்த ஒலி, மண்டபத்தில் உரத்து வாசிக்கும்போது மாறித் தோன்றும்; காதின் இயல்பு அத்தகையது. எனவே ஒத்திகையின் உரத்த ஒலியில் மீண்டும் சரிபார்க்கவேண்டும். ஒரு சேமிப்பிலிருந்து மற்றதற்கு மாறும்போது ஒலியளவு திடீரெனக் கூடிக்குறையாமல் சமப்படுத்துவதும் முக்கியம். அது இன்றேல் பாடகரே முதலில் முறைப்பார்.

யாவற்றுக்கும் மேலாக ஒன்று. பெட்டியுடன் வரும் தயார்நிலை ஒலிகள் வேறு மனிதர்களின் காதுகளால் அமைக்கப்பட்டவை. அவற்றையே புரட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களை நான் நிறையக் கண்டிருக்கின்றேன். வாசிப்பதைவிடத் தெரிவு செய்வதிலேயே மாலை கழிந்துவிடும். ஸ்னொடியின் பெருமை பழுதடைந்த தடம் அன்று. அந்தப் பழுதில் ஒரு குரல் இருப்பதைக் கேட்டு அதனை வைத்துக்கொண்ட துணிவே அவரது பெருமை. கணிதத்தால் அமைந்த பெட்டி தானாக அவ்வாறு பழுதாவதில்லை. ஆகவே கேட்கும் வேலை முழுவதும் வாசிப்பவரிடமே வந்து சேர்கின்றது.

என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையிலுள்ள பணத்துக்கு இயன்றதை வாங்குங்கள். முதல் மாதம் வெறுமையான ஒரு சேமிப்பைத் திறந்து, வாரத்துக்கு ஒரு விளைவை மட்டும் சேருங்கள். நான்காவது வாரத்தில் உங்களுக்கென ஓர் ஒலி அமையும். அதற்கு ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். மற்றைய நூறும் அங்கேயே இருக்கும், அவசரமில்லை.