பாதிக்குப் பாதி தண்ணீர்

ஹெய்செய் 4, எண் 289866. சிப் தயாரிப்பில் பயன்படும் கழுவு திரவங்களைப் பற்றிய ஜப்பானியக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடம் ஆகிவிடும். ‘இதுவரை அறியப்பட்டவை’ என்ற பத்தியில் அது எப்படியும் தலைகாட்டும். ஹைட்ராக்சிலமினும் அல்கனாலமினும் சேர்ந்த நீக்கி என்று அடையாளம் சொல்வார்கள். அதற்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு நிறுவனமும் தன் சரக்கைக் கடை விரிக்கிறது.

ஹெய்செய் 4 என்பது 1992. ஜப்பானில் விண்ணப்பங்கள் ஆய்வுக்கு வரும் முன்பே வெளியிடப்பட்டுவிடும். 1999வரை பேரரசரின் ஆட்சியாண்டை வைத்து எண் கொடுத்தார்கள். முன்னுரிமைத் தேதியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கடலைக் கடந்து கலிபோர்னியாவில் உள்ள ஹேவர்டு நகரத்துக்கு வந்து சேர்கிறோம். இகேசி டெக்னாலஜி என்ற நிறுவனம், வாய் முன் லீ என்ற கண்டுபிடிப்பாளர், அமெரிக்க விண்ணப்ப எண் 07/610,044, தாக்கல் செய்த நாள் 1990 நவம்பர் 5.

எனக்கு அந்த எண்ணைவிட அந்தத் திரவத்துக்குள் இருந்த தண்ணீர்தான் உறுத்தலாக இருந்தது. அது அங்கே இருக்கக் கூடாத பொருள்.

சிலிக்கான் வில்லையைக் கழுவுவதில் தண்ணீர் ஒன்றும் புதிதல்ல. ஆர்சிஏ நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் 1965இல் உருவாக்கி, டேவிட் புவோட்டினனுடன் சேர்ந்து 1970இல் வெளியிட்ட முறை இன்றும் அந்த நிறுவனத்தின் பெயராலேயே வழங்குகிறது. அம்மோனியா ஒரு பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு; 75, 80 டிகிரியில் ஒரு முக்கல். அடுத்த தொட்டியில் அம்மோனியாவுக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் இதெல்லாம் வில்லையின் மேல் அலுமினியக் கம்பித் தடங்கள் போடப்படுவதற்கு முந்தைய கதை. அலுமினியம் ஏறிய பிறகு பாடம் தலைகீழாகிவிடுகிறது. ஒளித்தடுப்புப் படலத்தை (தொழிலில் ரெசிஸ்ட் என்பார்கள்) கரைத்தெடுக்க அமின்கள் வேண்டும். அமினோடு தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ராக்சைடு அயனி பிறக்கும். அது அலுமினியத்தை அரித்துவிடும். அதனால்தான் அமின் நீக்கிகளில் தண்ணீரை அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். நீக்கியிலிருந்து எடுத்த வில்லையை நேரே தண்ணீரில் அலசவும் மாட்டார்கள். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, அமின் போன பிறகுதான் தண்ணீர். இவ்வளவு காபந்து பண்ணிய இடத்துக்குள் தண்ணீரை யார் விட்டது?

அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கம் ஒரு ஜாதகம் மாதிரி. எது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும், மொழிகூடத் தேவையில்லை. சதுர அடைப்புக்குள் 22 என்றிருந்தால் தாக்கல் தேதி, 45 வழங்கிய தேதி, 54 தலைப்பு, 56 ஆய்வாளர் எடுத்துப் பார்த்த பழைய ஆவணங்கள், 57 சுருக்கம், 63 உறவுமுறை. முதலில் கையில் எடுத்தது 5,279,771. வழங்கிய தேதி 1994 ஜனவரி 18. தாக்கலிலிருந்து வழங்கலுக்கு மூன்று ஆண்டு தாண்டிவிட்டது. 57ஆம் கட்டத்தில் ஹைட்ராக்சிலமின் இருக்கிறது, அல்கனாலமின் இருக்கிறது, விரும்பினால் முனைவுக் கரைப்பான் சேர்க்கலாம் என்று இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் இல்லை.

அடுத்தது 5,334,332. வழங்கியது அதே 1994, ஆகஸ்ட் 2. இதில் 63ஆம் கட்டம் நிரம்பியிருக்கிறது: இது 610,044இன் பகுதித் தொடர்ச்சி, 1992 ஜூலையில் தாக்கலானது. பகுதித் தொடர்ச்சி என்றால் தாய் விண்ணப்பம் ஆய்வாளர் மேசையில் இருக்கும்போதே அதைத் தழுவி, புதிய விஷயங்களைச் சேர்த்துப் போடும் மறு விண்ணப்பம். பழைய விஷயத்துக்குப் பழைய தேதி, புதிதாகச் சேர்த்ததற்குப் புதிய தேதி. இங்கே புதிதாகச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று, உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் கேட்டகால். மற்றொன்று தண்ணீர். வேலையும் மாறியிருக்கிறது, தாய் ஆவணத்தின் தலைப்பில் ரெசிஸ்டை உரிக்கும் கலவையாக இருந்தது, சேயில் பிளாஸ்மா அரிப்பு முடிந்ததும் தங்கும் எச்சத்தைக் கழுவும் கலவையாகிவிட்டது.

அந்த எச்சம்தான் ஹைட்ராக்சிலமினுக்கு மவுசு தேடிக்கொடுத்தது. பிளாஸ்மாவால் உலோகத்தையோ ஆக்சைடையோ செதுக்கும்போது, சிதறும் உலோகமும் ரெசிஸ்டின் கரிமமும் கூடிப் பள்ளங்களின் பக்கச் சுவரில் ஒரு தோலாகப் படியும். ரெசிஸ்டை எரித்தாலும் இந்தத் தோல் போகாது, இன்னும் இறுகும். அல்கனாலமின் தனியாக இதனிடம் தோற்றுவிடும். ஹைட்ராக்சிலமின் ஓர் ஒடுக்கி. எச்சத்தில் உள்ள உலோக ஆக்சைடை எளிதில் கரையும் நிலைக்கு இறக்கிவிடுகிறது. கரைந்து வந்ததைக் கேட்டகால் பிடித்துவைத்துக்கொள்கிறது, மறுபடி படியவிடாமல்.

சரி, ஆய்வாளர் என்ன பார்த்திருப்பார்? அல்கனாலமின் பழைய சரக்கு. 1986இல் சைசென்ஸ்கி பெற்ற காப்புரிமையிலும் 1988இல் வார்டு பெற்ற காப்புரிமையிலும் அமின் நீக்கிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. அதனால் தாய் விண்ணப்பத்தின் புதுமை மொத்தமும் ஹைட்ராக்சிலமின் என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. விண்ணப்பதாரருக்கும் ஆய்வாளருக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்து கோப்பு உறைக்குள் இருக்கும். அமெரிக்க அலுவலகம் அவற்றைக் கணினியில் படங்களாக வைக்கத் தொடங்கியது 2003 வாக்கில்தான். அதற்கு முந்தையவை காகிதக் கட்டுகள், பணம் கட்டி நகல் கேட்டு வாங்க வேண்டியவை. என் கேள்விக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. தடயம் அச்சான பக்கங்களிலேயே கிடந்தது, அதுவும் போட்டியாளர்களின் பக்கங்களில்.

புதிய திரவத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒப்பீட்டுக்காகப் பழைய திரவத்தையும் சோதித்து அட்டவணை போடுவார்கள். ஆய்வாளரை மசிய வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. இகேசியின் பிரபலமான ஹைட்ராக்சிலமின் திரவத்தை அப்படி வைத்துக் காட்டும் அட்டவணைகளில் இந்த விகிதம் திரும்பத் திரும்ப வரும்: ஹைட்ராக்சிலமின் 17.5 சதவீதம், அமினோஎத்தாக்சி எத்தனால் என்ற அல்கனாலமின் 60, கேட்டகால் 5, தண்ணீர் 17.5. கடைசி எண்ணையும் முதல் எண்ணையும் பாருங்கள். அரைச் சதவீதம்வரை ஒரே அளவு. வேதியியலுக்காக யாராவது தண்ணீரை அளந்து ஊற்றியிருந்தால் 15 என்றோ 20 என்றோ முழு எண்ணாக இருந்திருக்கும். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தே எந்த வீட்டுப் பால் என்று சொல்லிவிடுவதுபோல, இந்தச் சரிபாதி ஒரு சங்கதியைத்தான் சொல்கிறது. ஹைட்ராக்சிலமின் இந்தக் கலவைக்கு வரும்போதே தன் எடைக்குச் சமமான தண்ணீரோடு வந்திருக்கிறது. 35 பங்கு ஊற்றினால் பாதி அது, பாதி இது. இகேசியின் விளக்கவுரையைத் திரும்பப் புரட்டினால் போகிற போக்கில் ஒரு வரி: ஹைட்ராக்சிலமின் 50 சதவீத நீர்க்கரைசலாக வணிகத்தில் கிடைக்கிறது.

ஆக, தண்ணீரை யாரும் அழைக்கவில்லை. ஹைட்ராக்சிலமினின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டாவது விண்ணப்பத்தில் அதற்கு உரிமைகோரலிலேயே நாற்காலி கிடைத்தது. இது என் ஊகம்தான், ஆனால் அந்த 17.5ஐ வேறு விதமாக விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஏன் 50? வேட்டை காப்புரிமை அலுவலகத்தை விட்டு வெளியேறுவது இங்கேதான். ஹைட்ராக்சிலமினின் உப்பை வில்ஹெல்ம் லாசன் 1865இலேயே தயாரித்துவிட்டார். உப்பில்லாத தூய பொருளாகப் பிரித்தெடுக்க 1891வரை, லோப்ரி டி ப்ரைன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அறை வெப்பத்தில் வெள்ளைப் படிகம், 33 டிகிரியில் உருகும், சூடேற்றினால் வெடிக்கும். அதன் சல்பேட் உப்பு நைலான் தொழிலில் டன் கணக்கில் புழங்குகிறது, அதில் பெரிய தொல்லை கிடையாது. ஆனால் சிப்புக்கு உப்பு ஆகாது. சோடியம், பொட்டாசியம் அயனிகள் மிகமிகச் சிறிதளவு வில்லையில் ஒட்டினாலும் டிரான்சிஸ்டர் கெட்டுவிடும். ஆகவே உப்பிலிருந்து விடுவித்து, உலோகத் தடயமே இல்லாமல் தூய்மைப்படுத்தி, வெடிக்காத அளவுக்குத் தண்ணீரில் வைத்துத் தர வேண்டும். தண்ணீர் இங்கே கரைப்பான் மட்டுமல்ல, கட்டிவைத்த சங்கிலி.

அந்தச் சங்கிலியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதற்கு நான் பார்த்த மிகத் தெளிவான ஆவணம் காப்புரிமை அல்ல, விபத்து அறிக்கை. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2002 மார்ச்சில் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் அருகே கான்செப்ட் சயின்சஸ் என்ற நிறுவனம் 50 சதவீத ஹைட்ராக்சிலமின் தயாரிக்கப் புதிதாக ஆலை போட்டிருந்தது. செய்முறை இதுதான். சல்பேட் உப்போடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் ஹைட்ராக்சிலமின் விடுபடும், பொட்டாசியம் சல்பேட் பிரியும். வடிகட்டினால் கிடைப்பது 30 சதவீதக் கரைசல். அதில் இன்னும் பொட்டாசியம் சல்பேட் கரைந்திருக்கிறது. சிப்புக்கு ஆகாத அந்தப் பொட்டாசியத்தை விலக்க, வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்க வேண்டும். பிறகு அயனிப் பரிமாற்றத்தில் மீதித் தடயங்களையும் எடுக்க வேண்டும்.

வடிக்கும்போது தண்ணீர்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். கலத்தில் இருப்பது செறிவேறிக்கொண்டே போகும். 1999 பிப்ரவரி 19 அன்று, புதிய ஆலையின் முதல் வணிகத் தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது. வடித்தலை நிறுத்தியபோது ஊட்டுத் தொட்டியில் செறிவு 86 சதவீதம். அந்த நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புத் தாளே 70 சதவீதத்தைத் தாண்டினால் தீயும் வெடிப்பும் வரலாம் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. ஆலையின் வடிவமைப்புக்குள் அது போய்ச் சேரவில்லை. இரவு 8.14க்கு வெடித்தது. நிறுவனத்தின் ஊழியர்கள் நான்கு பேரும் பக்கத்து நிறுவனத்தின் மேலாளர் ஒருவரும் இறந்தார்கள். தொழிற்பேட்டையின் மற்றக் கட்டடங்கள் சேதமாயின, சுற்றியிருந்த வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

பதினாறு மாதம் கழித்து, 2000 ஜூன் 10 அன்று, ஜப்பானில் குன்மா மாநிலத்தின் ஓஜிமாவில் நிஸ்ஸின் கெமிக்கல் ஆலையின் மறுவடிப்புக் கோபுரம் வெடித்தது. அங்கேயும் அதே பொருள், அதே வடித்தல், கோபுரத்தின் அடியில் அதே செறிவேற்றம். நான்கு பேர் இறந்தார்கள், 58 பேர் காயமடைந்தார்கள். அதன் பிறகே ஜப்பான் தன் தீயணைப்புச் சட்டத்தில் ஹைட்ராக்சிலமினை ஆபத்துப் பொருள் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டாமா என்றால், அது அவர் வேலையில்லை. அவர் கேட்க வேண்டியவை: இது புதிதா, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா, பயன் உண்டா, படித்தவர் செய்து பார்க்கும்படி விளக்கியிருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒரு சந்து இருக்கிறது. மூலப்பொருளை நீங்களே உண்டாக்குவதாகச் சொன்னால் எப்படி என்று விளக்க வேண்டும். கடையில் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. கலவை வேதியியலில் மிகக் கடினமான, மிக ஆபத்தான படி எப்போதும் இந்த ‘வணிகத்தில் கிடைக்கிறது’ என்ற வரிக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. ஹேவர்டில் பீப்பாயைத் திறந்து அல்கனாலமினோடு கலப்பது சுலபம். அந்தப் பீப்பாய்க்குள் 50 என்ற எண்ணைக் கொண்டுவருவது வேறு ஊரில், வேறு ஆட்களின் தலைமேல். இதற்காக இகேசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் விளக்கவுரையில் ஒளிவுமறைவு இல்லை, விதியும் அவ்வளவுதான் கேட்டது. ஆனால் காப்புரிமைகளை மட்டும் வைத்துத் தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியில் நின்று யோசிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

5,279,771இன் ஆயுள் 2011 ஜனவரியில் முடிந்தது. இகேசி அதற்கு வெகு முன்பே, 2002இல், தன் தாய் நிறுவனமான கெம்ஃபர்ஸ்ட்டோடு சேர்ந்து டூபான்ட் கைக்குப் போய்விட்டது. வெடிப்புகளுக்குப் பிறகு வந்த விண்ணப்பங்களை அடுக்கிப் படித்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஹைட்ராக்சிலமின் இல்லாத கலவை என்பதையே சாதனையாகச் சொல்லும் உரிமைகோரல்கள் பெருகுகின்றன. தண்ணீரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஹைட்ராக்சிலமினின் இடத்துக்கு வந்த ஃபுளூரைடு உப்புகளைக் கரைக்க அது வேண்டியிருக்கிறது. பின்னணிப் பத்தியில் பழைய திரவத்தின் குறைகளாக அரிப்பு, நாற்றம், ஆயுள் குறைவு ஆகியவற்றோடு வெடிப்பு அபாயமும் பட்டியலில் ஏறுகிறது. மாற்று தேவை என்று ஆய்வாளரிடம் வாதாட அது கைகொடுக்கும் காரணம். அதே பத்தியில், இரண்டு வரி தள்ளி, ஹெய்செய் 4-289866உம் வந்துவிடுகிறது.