இராப்பள்ளியும் தடுப்பணையும்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில், மேலகிரி மலைத்தொடரின் மடியில் இருக்கிறது நாட்றாம்பாளையம். இன்று ஐ.வி.டி.பி. என்ற பெயரில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண்கள் நன்கறிந்த ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் 1979இல் தொடங்கியது இந்த ஊரில்தான். அதன் நிறுவனர் குழந்தை பிரான்சிஸ் தொடக்கத்தில் கையில் எடுத்தவை சிறிய பணிகள்: பிள்ளைகளுக்கு ஓர் இராப்பள்ளி, ஊருக்கு ஒரு முதலுதவி நிலையம். சுயஉதவிக் குழுக்கள் வளர்ந்த கதையும் வங்கிகள் வாசல் தேடி வந்த கதையும் பலருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவ்வளவாகப் பேசப்படாதது அந்த இராப்பள்ளி.

1980இல் ஒசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் சாலைக்கு வந்தது. அப்போது ஒசூரும் நாட்றாம்பாளையமும் ஒரே தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9ஆம் நாள்தான். மாவட்டத்தின் வடகோடியில் சிப்காட் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தென்கோடி மலையில் அரிச்சுவடி தொடங்கியது.

பகலில் கூடாத பள்ளி

மலையூர்ப் பிள்ளைக்குப் பகல் சொந்தமில்லை. காலையில் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்பும். மூத்தது பெண்ணாக இருந்தால் தலையில் தண்ணீர்க் குடம், இடுப்பில் தம்பி. மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம் வந்துவிட்டால் வீட்டில் எல்லாரும் மரத்தடியில் இருப்பார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு பெயர்வதும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் பள்ளிதான் பிள்ளைகளின் ஓய்ந்த வேளையைத் தேடிப் போக வேண்டும். ஓய்ந்த வேளை இரவு.

இரவுக்கும் போட்டி உண்டு. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் கொல்லைக்குக் கொல்லை பரண் கட்டி, தகரம் தட்டி, விடிய விடியக் காவல் இருப்பார்கள். அப்பனுக்குத் துணையாகப் பரணேறும் பையன் மறுநாள் எந்தப் பள்ளியில் உட்கார்ந்தாலும் தூங்கித்தான் விழுவான். 2014இல் இக்காடுகளில் 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்கு நல்லதுதான். பள்ளி விட்டு ஒற்றையடிப் பாதையில் திரும்பும் பிள்ளைக்கு எது நல்லது என்று அந்த அறிவிப்பிடம் கேட்க முடியாது.

மொழியும் இடையில் நிற்கிறது. வீட்டில் கன்னடம், தெலுங்கு, இருளர் பேச்சு. பள்ளியில் தமிழ்ப் பாடநூல். எல்லைப்புறத்தின் இயல்பு அது. நன்னூலின் பிறப்பையும் இங்கே நினைவுகூரத்தகும். பவணந்தி முனிவர் அந்த இலக்கணத்தைச் செய்தது சீயகங்கன் வேண்டியதால் என்று சிறப்புப்பாயிரம் கூறுகிறது. சீயகங்கன் கங்கர் மரபினன். அம்மரபினர் குவளாலபுரத்துக்கு, அதாவது இன்றைய கோலாருக்கு, உரியவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயிலும் இலக்கணத்துக்குப் புரவலராக நின்றவர் கன்னட நாட்டு எல்லையோடு உறவுடைய ஒரு குறுநில மன்னர் என்பது இந்த வட்டாரத்துக்குப் பெருமை. நல்லாசிரியரின் இயல்புக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் அந்நூல் உவமை கூறுகிறது. மலைக்கு ஒப்பான ஆசிரியர் மலைக்கே போய்ப் பாடம் நடத்துவது பற்றி அது பேசவில்லை.

நெல்லும் எண்ணெயும்

கல்விக்குக் கொடுப்பது தமிழகத்தில் பழைய அறம். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்று தானத்தை நான்காக வகுத்தது சமணம். பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரில் புறநானூற்றில் உள்ள பாடல் கல்வியைப் பற்றிய வெளிப்படையான பேச்சு: ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவியும், பொருளைத் தாராளமாகக் கொடுத்தும் கற்க வேண்டும் என்கிறது, ஒரு வயிற்றில் பிறந்தவர்களுள்ளும் கற்றவன் பக்கம் தாயின் மனமே சாயும் என்கிறது, பிறப்பால் கீழ் எனப்பட்டவன் கற்றுவிட்டால் மேல் எனப்பட்டவனும் அவனிடம் போய் நிற்பான் என்கிறது. ஓர் அரசன் வாயிலிருந்து இது வந்தது என்பதை நம் சாதிச் சங்கங்கள் அடிக்கடி படிக்கலாம்.

இலக்கியம் அறத்தைச் சொல்லிவிட்டுப் போகும். கணக்கைச் சொல்வது கல்வெட்டு. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துச் சாசனம் ஒரு கல்லூரியின் வரவு செலவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றில் இதை எடுத்துப் பேசுவார். இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இருக்கு வேதம் 75 பேர், யசுர் வேதம் 75 பேர், ரூபாவதாரம் என்னும் இலக்கணம் 40 பேர் என்று வகுப்புவாரியாக எண்ணிக்கை. இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழி. இத்தனைக்கும் 45 வேலி நிலம் விடப்பட்டது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் சாசனம் இன்னும் நுணுக்கமானது. அங்கே கோயிலை ஒட்டிப் பள்ளி, விடுதி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை மூன்றும் இருந்தன. விடுதி மாணவருக்குப் படுக்கப் பாய், இரவில் விளக்கு, ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைக்கு எண்ணெய் என்று சாசனம் ஒதுக்குகிறது. பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வேண்டும் என்று நினைத்த நிர்வாகி ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

அந்த விளக்கொளியில் அமர்ந்தவர்கள் வேதம் ஓதும் குலத்துப் பிள்ளைகள். மலையில் மாடு மேய்த்தவனுக்கு அங்கே இடமில்லை. அவனுக்குக் கிடைத்த எழுத்து வேறு வகை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஏராளமாக நிற்கும் நடுகற்கள், தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டு மாண்ட வீரனின் பெயரை வட்டெழுத்தில் பொறித்தவை. 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்தது. மந்தைக்காக இறந்தால் பெயர் கல்லில் ஏறும். அந்தப் பெயரைத் தானே படிக்கும் வாய்ப்பு மந்தைக்காரனின் பேரனுக்கு வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது.

சோழர் சாசனங்களின் சாதி எல்லையைத் தள்ளிவிடலாம். கணக்கைத் தள்ள முடியாது. ஆசிரியருக்கு நெல், மாணவனுக்குச் சோறு, இரவுக்கு எண்ணெய், நோய்க்கு மருந்து, இவை வற்றாதிருக்க நிலம். இவை சேராத கல்விக் கொடை ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை. நாட்றாம்பாளையத்து இராப்பள்ளி முதலுதவி நிலையத்தோடு சேர்ந்தே பிறந்ததைத் திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்குப் போன பாதை

குழந்தை பிரான்சிஸ் சேலம் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் படிப்புக்காகக் குடும்ப நிலம் வட்டிக்காரரிடம் அடகுக்குப் போனது. குருத்துவப் பயிற்சியில் சேர்ந்து, பிறகு அதை விட்டு மக்கள் பணிக்கு வந்தார். படிப்பு ஒரு குடும்பத்துக்கு என்ன விலையில் கிடைக்கிறது என்பது அவருக்கு ஏட்டறிவன்று.

இராப்பள்ளி சில ஆண்டுகளில் ஓர் உண்மையைக் காட்டியது: கொல்லை காய்ந்தால் வகுப்பும் காலியாகும். ஆகவே பணி தண்ணீரை நோக்கித் திரும்பியது. வேறு அமைப்புகளின் துணையோடு 22 ஆண்டுகளில் 331 சிறு தடுப்பணைகள் எழுந்தன; 60 ஊர்களின் சிறு விவசாயிகள் பயன்பெற்றனர். மழை கொஞ்ச நேரமே கொட்டி ஓடைவழியே காவிரிக்கு ஓடிவிடும் இந்தச் சரிவுகளில், ஓடையின் குறுக்கே கல்லும் சிமெண்டும் வைத்து நீரைச் சற்று நிறுத்தினால் கீழே உள்ள கிணறு ஊறும். ஊறிய கிணறு ஒரு குடும்பத்தை ஊரிலேயே இருத்தும். ஊரில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைதான் பள்ளியில் இருக்கும். தடுப்பணையைக் கல்விச் செலவில் எழுதும் கணக்கர் எவரும் இல்லை, எழுதினால் தவறில்லை.

1989இல் பெண்கள் குழுக்கள் தொடங்கின. 2012 அளவில் அவை 8,231 குழுக்களாக, 1,53,990 உறுப்பினர்களாகப் பெருகியிருந்தன. சோழர் காலத்தில் அறக்கட்டளை முதலை ஊர்ச்சபையிடம் ஒப்படைத்து, அதன் வட்டியில் அறம் நடத்தும் வழக்கம் இருந்தது. அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை. இப்போது முதலைச் சேர்ப்பதும் காப்பதும் யாருக்கு எதற்குக் கடன் என்று முடிவு செய்வதும் பெண்களே. கந்துவட்டிக்கு நிலத்தை வைக்காமல் பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு வழி வந்திருக்கிறது. நிறுவனர் வீட்டில் ஒரு காலத்தில் அந்த வழி இல்லை.

கும்ஜுங்கும் மணிலாவும்

உலகத்தின் உயர்ந்த மலையிலும் இதே வரிசைதான் நடந்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1960இல் இமாலய அறக்கட்டளையை நிறுவினார். ஷெர்ப்பா மக்கள் கேட்டது பள்ளிக்கூடம். 1961இல் நேபாளத்துக் கும்ஜுங்கில் அது எழுந்தது. பள்ளி வந்த பின் மற்றவை வரிசையாக வந்தன: 1964இல் லுக்லாவில் விமானத் தளம், 1966இல் குன்டேயில் மருத்துவமனை, இடையிடையே ஆற்றுப் பாலங்கள், பின்னர் காடு வளர்ப்பு. கும்ஜுங் 3,700 மீட்டருக்கு மேல்; நாட்றாம்பாளையத்தின் உயரம் அதன் காலடிக்கும் வராது. ஆனால் மலையில் பள்ளி தனியே நிற்காது என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

2012இல் மணிலாவில் குழந்தை பிரான்சிசுக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்றவர்களுள் தைவான் நாட்டுக் காய்கறிக் கடைக்காரப் பெண்மணி சென் ஷு சூ ஒருவர். சந்தையில் காய் விற்ற காசைச் சேர்த்து ஒரு பள்ளிக்கு நூலகம் கட்டக் கொடுத்தவர் அவர். நாட்றாம்பாளையத்து அறத்துக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்த துணை.

ஒசூர் செய்ய வேண்டியது

அரசும் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறது. கஸ்தூரிபா காந்தி பெயரிலான பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளித் திட்டம் 2004இல் வந்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை வேளையில் தன்னார்வலர் பாடம் நடத்தும் முறை. இராப்பள்ளியின் அடுத்த பிறவி எனலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை மறுஆண்டே காமராசர் அரசு கைவிட்டது நல்லதே. மலையூரில் அந்த அரை நாளும் பல பிள்ளைகளுக்கு எட்டாதது. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி தொலைவாகிவிட்டால் பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு எழுவது இன்னும் முழுதாக நிற்கவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அன்றும் இரும்பு, இன்றும் இரும்பு. வார்ப்பாலைகளும் எந்திரக் கூடங்களும் நிறைந்த ஒசூர் செல்வத்துக்குக் குறைவில்லாதது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, வரையறைக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பதிலும் பெயர்ப்பலகை மாட்டுவதிலும் கரைந்துவிடக் கூடாது. தளி, கெலமங்கலம் ஒன்றியங்களின் மலையூர்களுக்கு வேண்டியவை அன்றாடச் செலவுகள்: விடுதிக் காப்பாளருக்கு மாதாமாதம் தவறாத சம்பளம், வீட்டு மொழி தெரிந்த ஓர் உள்ளூர் ஆசிரியை, யானை இறங்கும் மாதங்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஜீப், மாலை வகுப்புக்கு அணையாத விளக்கு, சனிக்கிழமைக்குத் தலைக்கு எண்ணெய்.