கோலார் தங்கமும் லண்டன் பங்குதாரர்களும்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் லாவெல் ரோடு தெரியாதவர் குறைவு. ஆனால் அந்த லாவெல் யார் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் ஓர் ஐரிஷ்காரர். நியூசிலாந்துப் போரில் பங்கெடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குடியேறினார். தங்கம் தேடும் ஆசை நியூசிலாந்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டது.

ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802-இல் கோலார் பக்கம் சர்வே செய்தபோது, பரிசு தருவதாகச் சொல்லித் தங்கம் கொண்டுவரச் சொன்னார். ஊர்க்காரர்கள் மண்ணை வண்டியில் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே கழுவித் தங்கத்துகளைக் காட்டினார்கள். அவர் எழுதிவைத்த குறிப்புதான் லாவெலுக்குத் துருப்புச்சீட்டு. 1871-இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் போய்ப் பார்த்தார். 1873-இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார், 1875-இல் உரிமம் கிடைத்தது.

உரிமம் வெறும் காகிதம்தானே? பாறையைத் தோண்டப் பணம் வேண்டும். அது லாவெலிடம் இல்லை. எனவே உரிமத்தை பெரஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரியும் நண்பர்களும் சேர்ந்த குழுவுக்குக் கைமாற்றினார். அங்கிருந்து விஷயம் லண்டனுக்குப் போனது. 1880-இல் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி உருவானது, ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றது.

அந்த ஆண்டுகளில் லண்டனில் தங்கம் என்று சொன்னாலே பணம் கொட்டியது. நம் நீலகிரிப் பக்கம் பந்தலூர், தேவாலாவில் தங்கம் இருக்கிறது என்று நாற்பது கம்பெனிகள் வரை முளைத்தன. அறிவித்த மூலதனம் சுமார் 50 லட்சம் பவுண்டு! கிடைத்த தங்கம் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் இதே கதைதான், அங்கே மோசடியும் சேர்ந்துகொண்டது. 1872-இல் பிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற இருவர் கொலராடோவில் ஓர் இடத்தில் வாங்கிவந்த வைரங்களைத் தூவிவைத்து, சான் ஃபிரான்சிஸ்கோ பணக்காரர்களை ஏமாற்றினார்கள். கிளாரன்ஸ் கிங் என்ற புவியியலாளர் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. தூரத்து நிலத்தைப் பார்க்காமலே பணம் போடுபவன், யாரோ ஒருவர் வாக்கை நம்பித்தான் ஆகவேண்டும்.

கோலாரிலும் முதல் சில ஆண்டுகள் ஏமாற்றமே. போட்ட பணம் கரைந்துபோய், கடையைக் கட்டலாமா என்ற பேச்சு வந்தது. மீதிப் பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று ஜான் டெய்லர் பங்குதாரர்களை இணங்கவைத்தார். கேப்டன் பிளம்மர் என்பவர், பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப்போன குழிகளுக்குக் கீழே இன்னும் ஆழமாகப் போனார். சாம்பியன் ரீஃப் சிக்கியது! நம் முன்னோர் தோண்டிக் காட்டிய வழிதான் கடைசியில் லண்டன்காரர் பணத்தைக் காப்பாற்றியது.

சுரங்கம் பிறகு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வந்தது. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் தலித் குடும்பங்கள் ஏராளம். பாறை வெடித்துச் செத்தவர்களும் உண்டு, சிலிகா தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் உண்டு.

பங்குதாரன் தோற்றால் போட்ட பணம் போகும், அவ்வளவுதான். தொழிலாளி தோற்றால்? பங்குதாரர் பெயர் லண்டன் பதிவேட்டில் மரியாதையாக இருந்தது. தொழிலாளியிடம் கேட்டது கைரேகை. அதை எதிர்த்து 1930-இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி மட்டும் அல்ல, மானமும் அங்கே பிரச்சினையாக இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருபவர்கள் நிறைய. பிழைக்க ஊர்விட்டு வந்த நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர், நமக்கு நாலு தலைமுறை முன்னால் கிளம்பியவர்கள். லாவெல் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் யாராவது தங்கவயலில் வேலை பார்த்திருந்தால், அவர்கள் பெயரையும் எந்தச் சுரங்கம் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். அந்தப் பதிவேட்டை நாம்தான் எழுதவேண்டும்.