வீடியோக் கோப்பின் பழைய கோளாறுகள்

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட இரண்டங்குல நாடாதான் தொலைக்காட்சி நிலையங்களில் நிலைபெற்ற முதல் வீடியோப் பதிவு முறை. திரைப்படச் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படம் தெரியும். இந்த நாடாவில் எதுவும் தெரியாது. தொகுப்பாளர்கள் இரும்புத்துகள் கலந்த திரவத்தை அதில் தடவி, காந்தத் தடங்கள் புலப்பட்டதும் உருப்பெருக்கியில் பார்த்து, ஒரு ஃபிரேம் முடியும் இடத்தில் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். இடம் மயிரிழை தவறினாலும் ஒட்டு வந்த நொடியில் திரையில் படம் உருளும். ஒலிக்குத் தனித் தொல்லை. ஒலி முனையும் பட முனையும் இயந்திரத்தில் வெவ்வேறு இடங்களில் இருந்ததால், ஒரு காட்சிக்குரிய பேச்சு நாடாவில் அரை நொடிக்கும் அதிகமாகத் தள்ளிப் பதிவாகியிருந்தது. படத்துக்குச் சரியாக விழுந்த வெட்டு ஒலிக்குத் தவறாக விழுந்தது. ஒலியை வேறொரு நாடாவில் எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டியபின் திரும்பச் சேர்ப்பதே அன்றைய வழி.

ஒலி விலகலின் இன்னொரு வேர் இதற்கும் மூன்றாண்டு முந்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 30 ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது. 1953இல் வண்ணம் சேர்த்தபோது வண்ணத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் மோதித் திரையில் கோலம் போடும் அபாயம் எழுந்தது. வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை வீணாக்காமல் இதைத் தீர்க்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். நேயர் கண்ணுக்கு அது தெரியவில்லை. கடிகாரத்துக்குத் தெரிந்தது: நொடிக்கு 30 என்று எண்ணினால் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம், அதாவது 3.6 நொடி, கணக்கு பிசகும். 1967இல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண் தரும் டைம்கோட் வந்தபின் இந்தப் பிசகு ஏட்டிலேயே ஏறியது. நிமிடந்தோறும் இரண்டு எண்களைத் தாண்டுவது, பத்தாவது நிமிடத்தில் மட்டும் தாண்டாதிருப்பது என்ற விசித்திர விதி அதைச் சரிக்கட்டியது. மணிக்கு 54 முறை, முறைக்கு இரண்டு, ஆக 108. தாண்டப்படுவது எண் மட்டுமே. படம் எதுவும் விழுவதில்லை.

இந்தியாவும் இலங்கையும் வண்ணத்துக்கு வந்த 1982இல் ஏற்றது நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட ‘பால்’ (PAL) முறை. எனவே வட அமெரிக்காவிலிருந்து வந்த கல்யாணக் கேசட்டைச் சாதாரண வி.சி.ஆரில் போட்டால் வண்ணம் போய்விடும், அல்லது படமே நிற்காது. இரண்டு முறைகளையும் ஓட்டும் டெக் தேவைப்பட்டது. 24 ஃபிரேமில் எடுத்த திரைப்படத்தைப் பால் முறைக்கு மாற்றும்போது பெரும்பாலும் 25இல் ஓடவிட்டார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்தது, பாட்டின் சுருதியும் சற்று ஏறியது. இன்றைய தொகுப்பு மென்பொருளிலும் டைம்லைனின் வேகமும் கோப்பின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் இதே விளைவுகள்தாம். தொடக்கத்தில் பொருந்தியிருந்த குரல் போகப்போக விலகினால் வேகக் கணக்கில் பிழை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியை நகர்த்தி வைத்தாலே போதும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒவ்வொரு வெட்டிலும் ஒலியை இழுத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

பிளேடுக்கு விடைகொடுத்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது 1971இல் வந்த சி.எம்.எக்ஸ். 600. சி.பி.எஸ். தொலைக்காட்சியும் மெமோரெக்ஸும் சேர்ந்து உருவாக்கிய அந்த இயந்திரம், தரம் குறைந்த கறுப்பு வெள்ளை நகலை வட்டுகளில் ஏற்றி, ஒளிப்பேனாவால் வெட்டுமிடம் குறிக்கச் செய்தது. அந்தப் பட்டியலின்படி மூல நாடா பின்னர் தொகுக்கப்பட்டது. கனமான காட்சிகளுக்கு இலேசான நகல் செய்து வேலை பார்க்கும் இன்றைய ‘பிராக்ஸி’ முறை இதன் வாரிசு. 1989இல் ஆவிட் நிறுவனம் இந்தத் தொகுப்பு முறையைக் கணினிக்குள் கொண்டுவந்தது. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’, ஆவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது.

தொகுப்பு கணினிக்கு வந்ததும் இடப் பற்றாக்குறை முதல் பிரச்சினையாயிற்று. சாதாரணத் தரத்தில், சுருக்காத டிஜிட்டல் வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜி.பி. கேட்கும், அன்றைய வட்டுகள் அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தன. சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கும் முறை கோடெக். சுருக்கிய படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் உறை வேறு. ஆப்பிளின் குவிக்டைம் 1991இலும் மைக்ரோசாஃப்டின் ஏ.வி.ஐ. 1992இலும் அந்த உறைகளைத் தந்தன. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள் உறையை மட்டுமே சொல்லும், உள்ளிருக்கும் கோடெக்கைச் சொல்லா. ஒரே ‘ஏ.வி.ஐ.’ ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் ஒலி மட்டும் கேட்டதற்குக் காரணம் இதுவே. பெயரில் ‘எம்.பி.4’ என்று மாற்றி எழுதுவதால் ஒன்றும் நடக்காது. உள்ளே என்ன கோடெக் என்று பார்த்து, உறையை மட்டும் மாற்றுவதா, படத்தையே மறுபடி சுருக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் வழி நிமிடத்தில் முடியும், தரமும் குறையாது.

எம்பெக் முறைகள் சுருக்கத்தை இன்னும் தூரம் கொண்டுபோயின. சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக வைத்து, இடையிலுள்ளவற்றில் மாற்றங்களை மட்டும் குறித்தன. பார்ப்பவருக்கு இது வரம். தொகுப்பவருக்கோ, இடையில் ஒரு ஃபிரேமைக் காட்டவும் முன்பின் உள்ளவற்றைக் கணினி பிரித்தாக வேண்டும். 2006இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. கேமராக்களின் காட்சிகள் அன்றைய கணினிகளில் திக்கித் திணறியது இதனால்தான். ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக வைக்கும் இடைநிலைக் கோடெக்குகளே இதற்கு மருந்து: 2004இல் ஆவிட்டின் டி.என்.எக்ஸ்.எச்.டி., 2007இல் ஆப்பிளின் புரோரெஸ். கோப்பு பல மடங்கு பெருகும்; வேலை தடையின்றி ஓடும்.

1998இல் குவிக்டைம் உறையே எம்பெக்-4க்கு அடிப்படையாக ஏற்கப்பட்டது. அந்த உறைக்குள் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகே எழுதுகின்றன. நடுவில் பேட்டரி தீர்ந்தால் படம் முழுதும் நினைவக அட்டையில் இருக்கும், அட்டவணை இராது, கோப்பு திறக்காது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கொடுத்தால், மீட்பு மென்பொருள்கள் அதன் அமைப்பைப் பார்த்துப் புது அட்டவணை கட்டிவிடும். அதுவரை அந்த அட்டையில் வேறெதுவும் பதியக் கூடாது. நீண்ட பதிவுகள் 4 ஜி.பி. துண்டுகளாக வருவது கோளாறே அல்ல. 1996இல் வந்த ஃபேட்32 முறையின் எல்லை அது. துண்டுகளை வரிசையாகச் சேர்த்தால் சரி.

செல்பேசி பழைய வேகப் பிரச்சினையைப் புது உருவில் திருப்பிக் கொண்டுவந்தது. வெளிச்சம் குறைந்தாலோ கருவி சூடானாலோ பல செல்பேசிகள் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஒலி அதே வேகத்தில் பதிவாகும். நிலையான வேகத்தை எதிர்பார்க்கும் தொகுப்பு மென்பொருளில் இரண்டும் பிரியும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு டைம்லைனில் இடுவதே பாதுகாப்பான வழி. 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் எச்.இ.வி.சி. வீடியோ பழைய கணினிகளில் திறக்காவிட்டால், செல்பேசியின் கேமரா அமைப்பில் பழைய எச்.264 கோடெக்கைத் தேர்ந்துகொள்ளலாம், ஏற்கெனவே எடுத்தவற்றை மாற்றிக்கொள்ள அதே ஹேண்ட்பிரேக் போதும்.