மார்பர்க் மேஜை

ஒரே புத்தகத்தைப் பிரமாணமாகக் கொண்ட இருவருக்குள் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது யார்? 1529-ம் வருஷம் அக்டோபரில், ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் இந்தக் கேள்வி எழுந்தது.

போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்து, வேதமே போதும் என்று புறப்பட்டவர்கள் மார்ட்டின் லூதரும் சுவிட்ஸர்லாந்தின் ஸ்விங்ளியும். இருவரையும் ஒன்றுசேர்க்க நினைத்து, ஹெஸ்ஸி நாட்டுப் பிரபு பிலிப் தம் கோட்டைக்கு வரவழைத்தார். லூதர் சாக்குக்கட்டியால் மேஜைமேல் ஒரு லத்தீன் வாக்கியத்தை எழுதித் துணியால் மூடிவைத்தார். வாதம் முற்றியபோது துணியை விலக்கிக் காட்டினார். கடைசி விருந்தில் இயேசு அப்பத்தைத் தமது சரீரம் என்று சொன்ன வாக்கியம் அது. சொன்னது சொன்னபடியே மெய் என்றார் லூதர். ஸ்விங்ளியோ யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, அப்பம் ஓர் அடையாளமே என்றார்.

பதினைந்து விஷயங்களில் பதினாலு ஒத்துப்போயின. மிஞ்சிய ஒன்றுக்காக, கண் கலங்கி நின்ற ஸ்விங்ளியைச் சகோதரராக ஏற்க லூதர் மறுத்துவிட்டார். 1531-ல் ஸ்விங்ளி காப்பெல் போர்க்களத்தில் மாண்டார். ஐரோப்பாவில் இவ்விரு மரபுச் சபைகளில் பல, ஒரே பந்தியில் அமர இசைந்து உடன்படிக்கை செய்துகொண்டது 1973-ல்தான்.

லூதரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1521-ல் சக்கரவர்த்தியின் முன்னிலையில் அவர் பின்வாங்காமல் நின்றதை வீரம் என்று போற்றுகிறோமே, அதுவும் இதே குணம்தான் அல்லவா?