குழந்தையின் கையில் வந்த மருந்து

புளூக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போதுமான அளவு வந்துசேராத பருவங்களில், யாருக்கு முதலில் போடுவது என்னும் வினா எழுகின்றது. ஒன்பது வயது நிரம்பாத குழந்தை முதன்முறையாக அதைப் போட்டுக்கொண்டால், நான்கு வாரமேனும் சென்றபின் மறுமுறையும் போட வேண்டும். பெரியவர்க்கோ ஒன்றே போதும். கையிருப்பு சுருங்கும்போது தவறிப்போகக் கூடியது குழந்தையின் இரண்டாம் ஊசியே. மருந்துப் பஞ்சத்தின் பாரம் குழந்தையின்மேல் விழுந்த பழைய கதை ஒன்றை இங்கே நினைவுகூர்வோம்.

சித்தூரும் திருப்பதியும் அடங்கிய ஆர்க்காட்டுச் சீமை 1801-ல் கும்பினியார் கைக்கு வந்தது. அக்காலத்தில் மக்கள் யாவரினும் அஞ்சிய பகை வைசூரியே. இவ்விரண்டு ஊர்களிலும் கோடையில் கங்கம்மனுக்கு ஜாதரை எடுப்பதை நேயர்கள் அறிவர். அம்மையிலிருந்து காக்குமாறு வேண்டியே தாய்மார் அவள் முன் நின்றனர்.

ஜென்னர் கண்ட அம்மைப்பாலை நூலில் தோய்த்து உலர்த்தி இங்கிலாந்திலிருந்து கப்பலில் அனுப்பினார்கள். நம் கடல்வழியின் வெயிலில் அது வீரியம் இழந்தது. பின்னர் வியன்னா, பாக்தாத், பாஸ்ரா வழியே பம்பாய்க்கு வந்த பால், 1802 ஜூன் 14-ல் அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் பற்றிக்கொண்டது. அச்சிறுமியின் கொப்புளமே பம்பாயின் மருந்துக் களஞ்சியம் ஆயிற்று! குத்திய எட்டாம் நாள் அவளை மீண்டும் கொண்டுவந்து, கொப்புளத்தைக் கீறி, ஊறிய பாலை வேறு குழந்தைகளுக்குக் குத்தினார்கள். அவர்கள் எட்டாம் நாளில் இன்னும் சிலருக்கு ஈந்தார்கள். இவ்வாறு கைக்குக் கை மாறியே அப்பால் அவ்வாண்டிலேயே சென்னையையும் எட்டியது. வாரந்தோறும் அம்மை காணாத புதுக் குழந்தை கிடைக்காவிடில் சங்கிலி அறுந்துவிடும். பிறகு மாகாணம் முழுவதற்கும் மருந்து இல்லை.

ஆறிவரும் புண்ணை மறுபடி கீறவிடத் தாய்மார் மறுத்தனர். எக்குலத்துக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பால் என்று கேட்டுத் தயங்கியோரும் உண்டு. பின்னதை நாம் ஏற்பதற்கில்லை. முன்னதை அறியாமை என்று தள்ளவும் மனம் வரவில்லை. தம் பிள்ளைக்குக் காப்புத் தேடி வந்தவளிடம், ஊர்ப் பிள்ளைகளுக்காக அப்பிள்ளையின் வலியையும் கேட்டார்கள் அல்லவா? திருக்குறளை மொழிபெயர்த்த எல்லிஸ் துரை, சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு நூல் புனைந்து, பசுவின் அம்மையும் தெய்வக் கொடையே என்று மக்களை இணங்கச் செய்ய முயன்றார்.

குழந்தையை இச்சுமையினின்று விடுவித்தது கன்று. கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. வெயிலில் அது கெடாதிருக்க லானலின் என்னும் கம்பளிக் கொழுப்பில் கலந்து வைக்கும் வழியைச் சென்னையில் கண்டவர் டாக்டர் கிங். அவர் பெயரால் கிண்டியில் 1899-ல் நிறுவப்பெற்ற நிலையம் மாகாணத்துக்கு அம்மைப்பால் அளித்தது. அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் அம்மாகாணத்தைச் சேர்ந்தவை.

புளூவுக்கு இவ்வழி உதவவில்லை. அதன் கிருமி அடிக்கடி உரு மாறுவதால், சென்ற ஆண்டின் மருந்தை இவ்வாண்டுக்குச் சேமித்து வைக்க இயலாது. பெரும்பாலும் கோழிமுட்டையில் வளர்த்தே அதைச் செய்கின்றனர். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலோடு ஆசிய புளூ இறங்கியபோது, நோய் மருந்தை முந்திக்கொண்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திற்குள் நம் நாட்டில் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவிலேயே அவ்வாண்டு தடுப்பூசி போதவில்லை. 2010-ல் பன்றிக் காய்ச்சலுக்கு நம் அரசு தருவித்த ஊசிகளும் முதலில் மருத்துவப் பணியாளருக்கே சென்றன.

அன்று பம்பாயில் எட்டாம் நாள் குழந்தையை அழைத்துவரச் சொன்னது, அதன் கையிலிருந்து மருந்தை எடுக்க. இன்று நான்கு வாரம் சென்றபின் அழைத்துவரச் சொல்வது, அதற்குரிய மீதியைக் கொடுக்க.